பாய்மரம் இறங்கிய பின்னும் வாழ்ந்த கப்பல்

சோழநாட்டுத் துறைமுகத்தின் சிறப்பைப் பாட வந்த சங்கப் புலவர் ஒருவர், பெருங்கலங்கள் கூம்பையும் பாயையும் களையாமலே ஆற்றுமுகத்தினுள் புகுந்த செய்தியைப் புறநானூற்றில் குறித்துள்ளார். கூம்பு என்பது பாய்மரம். களையாமல் புகுவது பெருமையெனில், களைந்து இறக்குவதும் அக்காலத்து வழக்கமே என்பது விளங்கும். பாய்மரம் நட்டது நட்டபடியே நிற்கும் தூண் அன்று. வேண்டும்போது கழற்றி, வேண்டும்போது நாட்டத் தக்க உறுப்பாகவே முன்னோர் அதனை அமைத்தனர். இவ்வுண்மைக்குச் சான்றாக விளங்கும் ஒரு கப்பலின் வரலாற்றை இங்கே எழுதப் புகுகின்றோம். அதன் பெயர் நமக்குப் புதியதன்று. ஈழத்துத் திருக்கோணமலைத் துறைமுகத்தின் ஆங்கிலப் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது: டிரிங்கோமலி.

ஆங்கிலக் கடற்படைக்காக இக்கப்பலைப் பம்பாயில் கட்ட முடிவாயிற்று. இங்கிலாந்தில் கருவாலி மரம் அருகிவிட்ட காலம் அது. நம் நாட்டுத் தேக்கோ நீரையும் புழுவையும் தாங்கி நின்றது. கப்பலின் வரைபடங்களை ஏற்றிக்கொண்டு ஜாவா என்னும் போர்க்கப்பல் பம்பாய்க்குப் புறப்பட்டது. வழியில், 1812 டிசம்பர் 29 அன்று, பிரேசில் நாட்டுக் கடற்பரப்பில் அமெரிக்கக் கப்பலான கான்ஸ்டிடியூஷன் அதனைத் தாக்கி வென்றது. ஜாவா எரியுண்டது, வரைபடங்களும் போயின. கைதேர்ந்த தச்சர் இருந்தும், தேர்ந்த தேக்கு இருந்தும், மறுபடி வரைபடம் வந்து சேரும்வரை வேலை தொடங்கவில்லை. பின்னர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா என்னும் பார்சித் தலைமைக் கப்பற்கட்டுநரின் பொறுப்பில் பணி நடந்து, 1817 அக்டோபர் 12 அன்று கப்பல் நீரில் இறங்கியது.

1819ஆம் ஆண்டு அது போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தை அடைந்தபோது நெப்போலியப் போர்கள் முடிந்திருந்தன. கப்பலுக்கு வேலை இல்லை. எனவே பாய்மரங்களைக் கழற்றி, மேல்தளத்துக்குக் கூரை வேய்ந்து, சேமிப்பில் நிறுத்தினர். ஏன் கழற்ற வேண்டும் என்று கேட்கலாம். உயர்ந்த மரத்தின் பாரமும், அதில் மோதும் காற்றின் விசையும், நின்றுகொண்டிருக்கும் கப்பலின் உடலை ஓயாமல் அசைத்துத் தளர்த்தும். மழைநீர் மரத்தின் வழியே வழிந்து, தளத்துத் துளையினூடே இறங்கி, அடிப்பகுதியில் தேங்கும். பாய்மரம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் உச்சியில் கெடுவதைவிட, கண்ணுக்குத் தெரியாத அடியிலேயே முதலில் உளுத்துப்போகும்.

கழற்றும் முறையிலும் ஓர் ஒழுங்கு உண்டு. பெரிய பாய்மரம் ஒரே மரம் அன்று. ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திய மூன்று பகுதிகள். முதலில் பாய்களும், அவற்றைத் தாங்கும் பருமல் என்னும் குறுக்குக் கட்டைகளும் இறங்கும். பின் மேல்மரம், அதன்பின் நடுமரம். இறுதியில் அடிமரத்தைப் பக்கங்களிலும் முன்னும் பின்னும் இழுத்துக் கட்டியுள்ள கயிறுகளைத் தளர்த்தி, தளத்துத் துளையைச் சுற்றி இறுக்கியுள்ள ஆப்புகளைத் தட்டி எடுப்பர். இரு நெடுமரங்களைக் கத்தரிபோல் சாய்த்து உச்சியில் பிணைத்த தூக்குமரம் ஒன்று, ஏராவின் மேலுள்ள குழியிலிருந்து மரத்தை நேரே மேலே தூக்கும்.

மீண்டும் நாட்டும்போது கயிறு கட்டுவதே நுட்பமான வேலை. வலப்பக்கத்து முன்னிணையை முதலில் மரத்தின் தலையில் மாட்டுவர்; அடுத்து இடப்பக்கத்து முன்னிணை. இவ்வாறு மாறி மாறி மாட்டி, முன்னிழுக்கும் பெருங்கயிற்றை அவற்றின்மேல் இறக்குவர். புதுக்கயிறு நீளும், ஆதலால் மறுபடியும் மறுபடியும் முறுக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தார் பூசிய சணற்கயிற்றின் இடத்தை இரும்புக் கம்பிவடம் சிறிது சிறிதாகக் கைக்கொண்டது. கம்பி அவ்வளவாக நீளாது. ஆனால் அதன் துரு உள்ளே மறைந்திருக்கும்.

இருபத்தாறு ஆண்டுகள் பாய்மரமின்றிக் கிடந்த டிரிங்கோமலியை 1845இல் மீண்டும் பணிக்கு ஆயத்தம் செய்யத் தொடங்கினர். 1847 முதல் 1857 வரை அட்லாண்டிக்கிலும் பசிபிக்கிலும் அது இருமுறை பணியாற்றியது. பிறகு பயிற்சிக் கப்பலாயிற்று. 1897இல் உடைப்போரிடம் விற்கப்பட்டு, தனியார் ஒருவரால் மீட்கப்பட்டு, ஃபூட்ராயன்ட் என்னும் வேறு பெயருடன் 1986 வரை இளைஞர்க்குப் பயிற்சி தந்தது. 1987இல் ஹார்ட்டில்பூல் நகருக்குக் கொண்டுவரப்பட்டு, 2001இல் முடிவுற்ற செப்பனிடும் பணியில் புதிய பாய்மரங்களும் கயிறுகளும் பெற்று, தன் பழைய பெயரையும் திரும்பப் பெற்றது. இன்று பிரிட்டனில் நீரில் மிதக்கும் போர்க்கப்பல்களுள் மிகப் பழையது அதுவே. அதன் பாய்மரம் புதிது. உடலிலோ பாதிக்குமேல் பம்பாயில் இழைத்த பழைய தேக்கு.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? மரம் உளுக்கும், கயிறு அறும். அளவும் முறையும் எழுத்தில் இருந்தால் இரண்டையும் மீண்டும் ஆக்கலாம். நம் கரையோர ஊர்களிலும் பாய்த்தோணிகள் ஓடின. அவற்றைக் கட்டியவர்களும் ஓட்டியவர்களும் தம் கலையைப் பெரும்பாலும் கையிலும் நினைவிலுமே வைத்திருந்தனர். தாளில் வைத்தது குறைவு. இயந்திரம் வந்தது; பாய்மரம் இறங்கியது. இறங்கியது மறுபடி ஏறவில்லை.

ஆயினும் சொற்கள் சில எஞ்சியுள்ளன. சுக்கான் என்பது அரபுச் சொல். நங்கூரம் பாரசீகத்து லங்கர். மாலுமி என்பதோ அரபு முஅல்லிம், அதாவது ஆசிரியன். ஆசிரியத் தொழிலில் முதுமையை நெருங்கும் நமக்கு இச்சொல்மீது தனிப் பற்று உண்டு. வழி அறிந்தவன் அதனைக் கற்பிக்கவும் கடமைப்பட்டவன் என்பதை அது சொல்லாமல் சொல்கிறது. தோணியில் சென்ற பெரியவர்கள் உங்கள் இல்லத்தில் இருப்பார்களாயின், பாய்மரத்தின் அளவு என்ன, எக்கயிற்றை முதலில் கட்டினார்கள், அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று கேட்டு இன்றே எழுதி வையுங்கள். பழைய கணக்கேடுகள் இருப்பின் கறையானுக்கு விடாதீர்கள். ஜாவா கப்பலோடு எரிந்த வரைபடத்துக்கு இங்கிலாந்தில் மறுபடி எடுக்க மூலம் இருந்தது. பெரியவர்களின் நினைவுக்கு மறுபடி இல்லை.