சான்றிதழ் முதல் பட்டம் வரை: மலேசியத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் கல்வியின் வரலாற்றுப் போக்கு

பேராக் மாநிலத்தின் தென்னெல்லையில், பெர்ணம் ஆற்றை ஒட்டிய தஞ்சோங் மாலிம் என்னும் சிறுநகரில் 1922ஆம் ஆண்டு நவம்பரில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. மலாய்த் தொடக்கப்பள்ளிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்குவதே அதன் நோக்கம். அந்நகரைச் சூழ்ந்திருந்த ரப்பர்த் தோட்டங்களிலும் பிள்ளைகள் இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். அப்பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர்களுக்கு அக்கல்லூரியில் இடமில்லை. இன்று அதே கல்லூரியின் வழிவந்த சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் தமிழ்மொழிக் கல்வியில் இளங்கலைப் பட்டம் வழங்குகிறது. இவ்விரண்டு நிலைகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் மலேசியத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் எவ்வாறு பயிற்றுவிக்கப்பட்டார் என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

மலேசியத் தமிழ்க் கல்வி வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் பள்ளிகளின் எண்ணிக்கையையும் அரசாங்க அறிக்கைகளையும் வரிசைப்படுத்துவர். பல்கலைக்கழகத்தில் தமிழ் நுழைந்ததைத் தனியொரு பெருமிதமாகக் கூறுவர். தமிழ் பல்கலைக்கழகப் பாடமானதும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பல்கலைக்கழகப் பட்டத்திற்குப் பயிலத் தொடங்கியதும் ஒரே நிகழ்வன்று. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தது என்பதை அவர்கள் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

தோட்டத்து வாத்தியார்

1816இல் பினாங்கு ஃப்ரீ பள்ளியில் தொடங்கிய தமிழ் வகுப்பே மலாயாவின் முதல் தமிழ் வகுப்பாகக் கொள்ளப்படுகிறது. எனினும் தமிழ்ப்பள்ளி என்னும் அமைப்பு பரவலானது தோட்டங்களின் வாயிலாகவே ஆகும். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, ஏழு முதல் பதினான்கு வயதுவரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் அத்தோட்டத்தில் பள்ளி அமைக்கப்பட வேண்டும் என்றது. பள்ளி நடத்தும் பொறுப்பு தோட்ட நிருவாகத்தின்மேல் சுமத்தப்பட்டது. ஆசிரியர் எங்கிருந்து வருவார் என்னும் வினாவும் அதனுடன் தோட்டத்தின் தலையிலேயே விழுந்தது.

நிருவாகங்கள் அவ்வினாவுக்குக் கண்ட விடை எளியது. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ, அலுவலகக் கிராணியோ, தோட்ட மருத்துவமனையில் கட்டுப்போடுபவரோ தம் வேலைக்கிடையே சில மணிநேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் போதும். சில தோட்டங்கள் தமிழகத்திலிருந்து வந்தவர்களை அமர்த்தின. பல பள்ளிகளில் ஒருவரே எல்லா வகுப்புகளுக்கும் ஆசிரியர். ஆயாக்கொட்டகைக்கு அருகில் ஒரே அறை, அதில் அரிச்சுவடி எழுதும் பிள்ளை ஒருபுறம், கணக்குப் போடும் பிள்ளை மறுபுறம். இவர்களை இகழ்ந்துரைப்பது எளிது. அன்றைய ஆய்வறிக்கைகள் அவ்வாறே செய்தன. ஆனால் எவ்விதப் பயிற்சியும் இன்றி, கையில் கிடைத்த தமிழகப் பாடநூலை வைத்துக்கொண்டு, பால்வெட்டு முடிந்து திரும்பும் பெற்றோரின் பிள்ளைகளை ஓரளவேனும் எழுத்தறிந்தவராக்கியவர்களும் இவர்களே. 1930களின் நடுப்பகுதியில் மலாயாவுக்கு வந்து இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியின் அறிக்கையிலும் தோட்டப்பள்ளிக் கல்வி கவனம் பெற்றது.

இங்கு ஓர் ஒப்பீடு தேவைப்படுகிறது. தஞ்சோங் மாலிம் கல்லூரியில் மலாய் ஆசிரியர் மாணவர்கள் விடுதியில் தங்கி ஒன்றாகப் பயின்றனர். கல்லூரித் தலைவர் ஓ. டி. டசெக்கின் காலத்தில் மொழிபெயர்ப்புப் பிரிவொன்று அங்கு இயங்கியது. மலாய் மொழியறிஞர் ஜாபா அதில் பணியாற்றினார். பாடநூல்கள் அங்கே உருவாயின. இளைஞர் சிலர் அரசியல் உணர்வும் பெற்றனர். 1938இல் மலாய் இளைஞர் சங்கத்தைத் தோற்றுவித்த இப்ராஹிம் யாக்கோப் அக்கல்லூரியில் பயின்றவர். சீனச் சமூகமோ தன் செல்வர்களின் துணையால் தனக்கெனப் பள்ளிகளையும் பிற்காலத்தில் சிங்கப்பூரில் நன்யாங் பல்கலைக்கழகத்தையும் அமைத்துக்கொண்டது. தமிழ் ஆசிரியருக்கு இவ்விரண்டில் ஒன்றும் வாய்க்கவில்லை. ஆசிரியர் கல்லூரி என்பது பாடம் நடத்தக் கற்றுத்தரும் இடம் மட்டுமன்று. ஒரு மொழியின் படித்த இளைஞர்கள் முதன்முதலாக ஒருவரையொருவர் சந்திக்கும் இடமும் அதுவே. மலாயாத் தமிழ் ஆசிரியர்கள் நெடுங்காலம் தத்தம் தோட்டத்தில் தனித்தனியே இருந்தனர். தமிழ்ப்பள்ளியின் பின்னடைவுக்குக் கூறப்படும் காரணங்களுள் இதற்கு உரிய இடம் தரப்பட வேண்டும் என்பது என் கருத்து.

ஏழாம் வகுப்பும் வார இறுதியும்

போர்க்காலத்திற்கு முன்னும் பின்னுமாக ஒரு முறை உருப்பெற்றது. தமிழ்ப்பள்ளியில் ஏழாம் வகுப்புத் தேர்வில் வென்ற இளைஞர் அதே பள்ளியிலோ பக்கத்துத் தோட்டத்துப் பள்ளியிலோ பயிற்சி ஆசிரியராகச் சேர்வார். வாரநாள்களில் கற்பிப்பார், வார இறுதியில் நகரத்திற்குச் சென்று பயிற்சி வகுப்பில் கற்பார். 'நார்மல்' வகுப்பு என்றே அது வழங்கப்பட்டது. சில ஆண்டுகள் இவ்வாறு பயின்று தேறியவர் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஆவார்.

இம்முறையின் குறைபாடு வெளிப்படையானது. தமிழ்ப்பள்ளியில் கற்றவர், தமிழ்ப்பள்ளி தந்த உச்சக் கல்வியோடு, தமிழ்ப்பள்ளிக்கே ஆசிரியராகத் திரும்பினார். வெளியிலிருந்து புதிய அறிவு உள்ளே வரும் வாயில் மிகக் குறுகியதாக இருந்தது. மறுபுறம், தோட்டத்துப் பிள்ளைக்குத் தன்னைப் போலவே லயத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் கரும்பலகைக்கு முன் நிற்பதைக் காணும் வாய்ப்பை இம்முறையே தந்தது. தோட்டத்தொழிலாளியின் மகன் வெட்டுக்கத்தியைக் கைவிட்டு ஏறக்கூடிய முதற்படி, பல குடும்பங்களில், இவ்வாத்தியார் வேலையாகவே இருந்தது.

1951ஆம் ஆண்டின் பார்ன்ஸ் அறிக்கை தாய்மொழிப் பள்ளிகளுக்கு மாற்றாக மலாயும் ஆங்கிலமும் வழங்கும் பொதுப்பள்ளிகளைப் பரிந்துரைத்தது. 1956இன் ரசாக் அறிக்கை தமிழைத் தொடக்கக் கல்வியின் பயிற்றுமொழியாக ஏற்றது. தமிழ்ப்பள்ளி பிழைத்தது இவ்வறிக்கையால்தான். ஆனால் இடைநிலைப் பள்ளியில் தமிழ் பயிற்றுமொழியாகத் தொடர இடமில்லாமற் போயிற்று. தமிழ்ப்பள்ளி மாணவர் ஆறாம் வகுப்பு முடித்தபின் புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழித்து வேற்றுமொழி இடைநிலைப் பள்ளிக்குள் நுழைய வேண்டும். அங்கே தமிழ் ஒரு பாடம் மட்டுமே, அதுவும் வகுப்பு அமைந்தால். 1957இல் விடுதலையின்போது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. அவற்றுக்கான ஆசிரியர்கள் இனி பகல்நேரப் பயிற்சிக் கல்லூரிகளிலும் பின்னர் அரசாங்க ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளிலும் உருவாயினர். வார இறுதி வகுப்பு கல்லூரியானது பெரும் முன்னேற்றமே. ஆயினும் முடிவில் கிடைத்தது சான்றிதழ், பட்டம் அன்று.

பல்கலைக்கழகத்தில் தமிழ்

ஏறக்குறைய இதே காலத்தில் வேறொரு வரலாறு தொடங்கியது. 1949இல் சிங்கப்பூரில் நிறுவப்பெற்ற மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமையவிருந்தபோது, அங்கு முதலிடம் தமிழுக்கா சமஸ்கிருதத்திற்கா என்னும் வாதம் எழுந்தது. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காக வாதாடினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் அவர் திரட்டிய நிதி அத்துறையின் தமிழ் நூலகத்திற்குப் பயன்பட்டது. கொடுத்தவர்களுள் தொழிலாளரும் சிறுவணிகரும் மிகுதி. 1956இல் துறை தோன்றியது. பின்னர்க் கோலாலம்பூருக்கு இடம்பெயர்ந்தது.

தொழிலாளியின் வெள்ளிக்காசால் நூலகம் அமைந்த துறைக்குத் தொழிலாளியின் பிள்ளைக்கு எழுத்தறிவித்த ஆசிரியர் மாணவராகச் செல்ல இயலவில்லை. இதில் யாரையும் குற்றம் சாட்ட நான் முற்படவில்லை. பல்கலைக்கழக நுழைவுக்குரிய தகுதி ஆங்கில வழி இடைநிலைக் கல்வியால் கிடைப்பது. தமிழ்ப்பள்ளி ஆசிரியரோ அவ்வழியில் நடந்தவரல்லர். துறையில் பயின்ற முதல் தலைமுறையினர் பெரும்பாலும் ஆங்கிலப் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். அவர்களுள் ஆசிரியப் பணியை விரும்பியோர் கல்வியியல் பட்டயம் பெற்று இடைநிலைப் பள்ளிகளுக்குச் சென்றனர். தொடக்கநிலைத் தமிழ்ப்பள்ளி அவர்களது பாதையில் இல்லை.

தனிநாயக அடிகளார் 1961இல் அத்துறைக்கு வந்ததை இக்கோணத்தில் நோக்குவது பயன்தரும். உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் முன்னோடியாகவும், 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்தியவராகவும் நாம் அவரை அறிவோம். கோலாலம்பூருக்கு வருமுன் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் அவர் கல்வித்துறை விரிவுரையாளராகப் பணியாற்றியதும், இலண்டன் பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் பட்டத்திற்கு எடுத்துக்கொண்ட பொருள் பண்டைத் தமிழரின் கல்விச் சிந்தனை என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆசிரியர்களை உருவாக்குவதையே தொழிலாகக் கொண்டிருந்த ஒரு தமிழறிஞர், ஆயிரக்கணக்கான தமிழ் ஆசிரியர்கள் பட்டமின்றிப் பணியாற்றிய நாட்டின் பல்கலைக்கழகத் துறைக்குத் தலைமை ஏற்றார். ஆயினும் பல்கலைக்கழகத்தின் கல்விப்புலம் வேறு, இந்திய இயல் துறை வேறு, தொடக்கப்பள்ளி ஆசிரியர் பயிற்சி கல்வி அமைச்சின் கல்லூரிகளுக்குரியது என்ற பிரிவினை அவர் காலத்திலும் மாறவில்லை. அடிகளாரின் ஆற்றல் உலகத் தமிழாராய்ச்சியில் செலவானது நமக்குப் பேறு. தோட்டப்பள்ளி ஆசிரியருக்கு அதனால் கிடைத்திருக்கக்கூடியது கிடைக்காமற் போனதையும் வரலாறு குறித்துவைக்க வேண்டும்.

பணியிலிருந்தவாறு பட்டம்

அடுத்த தலைமுறை ஆசிரியர்கள் பல்கலைக்கழகம் தம்மிடம் வரும்வரை காத்திருக்கவில்லை. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971இல் தொடங்கிய வெளிவளாகப் படிப்பு, பணியிலிருப்போருக்குப் பட்டக்கல்வியைத் திறந்துவிட்டது. தமிழகப் பல்கலைக்கழகங்களின் அஞ்சல்வழி, தொலைநிலைப் படிப்புகளில் சேர்ந்து தமிழில் இளங்கலையும் முதுகலையும் முடித்தவர்களும் உளர். பகலில் முப்பது பிள்ளைகளுக்குப் பாடம். இரவில் தொல்காப்பியமும் நன்னூலும். பள்ளி விடுமுறையில் நேர்முக வகுப்பு. குடும்பத்தையும் கவனித்துக்கொண்டு இவ்வாறு படித்த ஆசிரியைகளின் உழைப்பு தனியே எழுதப்பட வேண்டிய ஒன்று. எனினும் இப்படிப்புகளில் பல, ஆசிரியரின் தமிழறிவை வளர்த்தனவேயன்றித் தமிழை ஏழு வயதுப் பிள்ளைக்கு எவ்வாறு கற்பிப்பது என்பதைத் தொடவில்லை.

கல்லூரிகள் வழங்கிய சான்றிதழ் 1996இல் பட்டயமாக உயர்ந்தது. 2007 முதல் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கென இளங்கலைக் கல்வி வழங்கப்படலாயிற்று. 2009இல் பயிற்சிக் கல்லூரிகள் இருபத்தேழு வளாகங்கள் கொண்ட ஆசிரியர் கல்விக் கழகமாக மறுவடிவம் பெற்றன. ஈப்போ, சுங்கைப் பட்டாணி முதலிய வளாகங்களில் தமிழ்ப்பள்ளிக்குரிய பிரிவுகளில் மாணவர் சேர்க்கப்பட்டனர். இம்மாற்றம் பொருளியல் வகையிலும் சிறிதன்று. பட்டயம் பெற்றவர் டிஜிஏ 29 நிலையிலும் பட்டதாரி டிஜி 41 நிலையிலும் பணியில் சேர்ந்தனர். அடுத்தடுத்த வகுப்பறைகளில் ஒரே பாடத்தைக் கற்பித்த இருவரின் ஊதியம் இருவேறு படிகளில் நின்ற காலம் அது.

பட்டம் வந்தபின் எழுந்த சிக்கல் மொழி பற்றியது. 1980களின் தொடக்கத்திலேயே பல்கலைக்கழகங்களின் முதன்மைப் பயிற்றுமொழி மலாயாகிவிட்டது. ஆகவே ஆசிரியர் மாணவர், உளவியலையும் கல்வித் தத்துவத்தையும் பெரிதும் மலாய் வழியாகவே அறிகிறார். வகுப்பறையில் அவற்றைத் தமிழில் செயற்படுத்த வேண்டும். இதற்கிடையே, 2003 முதல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட வேண்டும் என்ற கொள்கை தமிழ்ப்பள்ளிகளையும் தழுவியது. அதற்கேற்பப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் சில ஆண்டுகளிலேயே கொள்கை கைவிடப்பட்டபோது, அதே பாடங்களைத் தமிழில் நடத்தக் கலைச்சொற்களைத் தேடிக்கொள்ள நேர்ந்தது. கல்வியியலுக்கான தமிழ்க் கலைச்சொற்கள் தமிழகத்தில் ஒருவாறும், இலங்கையில் ஒருவாறும், மலேசியாவில் ஒருவாறும் வழங்குகின்றன. பயிற்சி மாணவரின் நாள் பாடத்திட்டத்தைப் பார்த்தாலே இது விளங்கும். மூன்று நாடுகளின் கல்வியியலாரும் ஒரே மேசையில் அமர்ந்து செய்யவேண்டிய பணியைத் தனித்தனியே செய்துவருகிறோம். இத்தகைய மாநாடுகளில் இலக்கிய அமர்வுகளுக்கு ஒதுக்கப்படும் நேரத்தில் ஒரு பகுதியையேனும் இதற்குத் தரலாம்.

பட்டதாரி ஆசிரியர் வந்துசேர்ந்தபோது பள்ளியே மாறியிருந்தது. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் இடம்கொடுக்க, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். 888ஆக இருந்த பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சம். நகர்ப்புறத் தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றில் பிள்ளைகள் நிறைந்து வழிய, உள்நாட்டுப் பள்ளிகள் பல 150க்கும் குறைவான மாணவரைக் கொண்ட பள்ளிகளாக வகைப்படுத்தப்பட்டுள்ளன. முப்பது பேருக்கும் குறைந்துவிட்ட பள்ளியில் இரு வகுப்புகளை ஓர் அறையில் சேர்த்துக் கற்பிக்கும் கூட்டு வகுப்பு முறை நடைமுறையில் உள்ளது. நான்காண்டு பட்டக்கல்வி முடித்த இளம் ஆசிரியர் அத்தகைய பள்ளிக்கு அனுப்பப்படுகையில், கரும்பலகையை நடுவே கோடிட்டுப் பிரித்து, ஒருபுறம் முதலாம் ஆண்டுக்கு எழுத்தும் மறுபுறம் இரண்டாம் ஆண்டுக்கு வாக்கியமும் எழுதிப்போடுகிறார்.