காய்ச்சலும் பாய்ச்சலும்

எங்கள் நைனாவுக்குக் காய்ச்சல் இரண்டு வகை. ஒன்று உடம்புக்கு வருவது, மற்றது கழனிக்கு விடுவது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஏரிப் பாசனத்தில் நெல் வைத்த யாரும் அப்படித்தான் பேசுவார்கள். கட்டிய தண்ணீர் சுண்டி, மண் மயிரிழையாய் வெடிக்கிறவரை பொறுத்திருந்து மடை திறப்பார் நைனா. "காய்ச்சலும் பாய்ச்சலும் இருந்தாத்தான் பயிரு தூர் கட்டும்" என்பார். இரண்டு காய்ச்சலுக்கும் உறவு உண்டு என்று சுகாதார ஆய்வாளர் வேலைக்குப் போன பிறகுதான் நான் தெரிந்துகொண்டேன்.

1989 வரை நாங்கள் வட ஆற்காடு மாவட்டம். அந்த மாவட்டத்தின் வேலூரில்தான், 1955-இல், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களும், 1952-இல் தொடங்கிய புனே வைரஸ் ஆய்வு மையத்தாரும் நோயின் வேர் தேடிப் புறப்பட்டார்கள். தேடல் அவர்களைக் கழனி வரப்புக்கே கொண்டுவந்தது. கொக்கிலும் மடையானிலும் கிருமி இருக்கும். கொசு அதைப் பன்றிக்குக் கொண்டுபோகும். பன்றி உடம்பில் அது பெருகும். பிறகு கொசு மனிதரைக் கடிக்கும். மாட்டைத்தான் அந்தக் கொசு அதிகம் கடிக்கும், ஆனால் மாட்டோடு கிருமியின் பயணம் முடிந்துவிடும். கடத்துவது கியூலெக்ஸ் விஷ்ணுய் வகைக் கொசு. பெருமாள் பெயர்தான், பிறப்பிடம் நெல் வயல்.

கிருமி தொற்றிய 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் முற்றும். முற்றினால் பத்தில் மூவர்வரை சாகலாம், பெரும்பாலும் பிள்ளைகள். வீட்டுச் சுவரில் மருந்தடித்துப் பெரிய பயனில்லை, இந்தக் கொசு தங்குவது வெளியில்.

1960-களில் வேலூர்ப் பக்கக் கொசுக்களை ஆராய்ந்த ரேச்சல் ரூபன், பின்னாளில் மதுரையில் மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தில் பணியாற்றினார். 1990-களில் அவரும் கூட்டாளிகளும் ஒரு வழியைச் சோதித்துக் காட்டினார்கள்: யூரியாவில் வேப்பம் புண்ணாக்கைக் கலந்து இடுவது, வயலை இடையிடையே காயவிடுவது. கொசுப்புழு குறைந்தது. நைனா பள்ளிக்கூடம் போகாமலே சொன்னதில் பாதி அது.

இதை ஊர்க் கூட்டத்தில் சொன்னேன். ஒரு பெரியவர் எழுந்தார். "நீ சொல்றது சரிதான் தம்பி. காயவிட்டா மறுபடி தண்ணி வரும்னு யாரு ஜவாப்பு?"

என்னிடம் பதில் இல்லை. முன்பு அந்தப் பொறுப்பு நீர்க்கட்டியுடையது. மதகைத் திறந்து, கடைமடைவரை முறை வைத்துப் பாய்ச்சுவார். அறுப்பில் களத்திலேயே அவருக்கு நெல் அளப்பார்கள். முறை தப்பாது என்ற நம்பிக்கையில்தான் கழனிகள் காய்ந்தன. பிறகு கிணறும் மோட்டாரும் பெருகின. 1984-இல் சிறு விவசாயிகளுக்கு மின்சாரம் இலவசமானது. ஏரி முறை தளர்ந்தது. கரண்ட் இருக்கிற நேரத்தில் தண்ணீரைக் கட்டி வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனமாயிற்று.

2006 முதல் இந்தியாவில் படிப்படியாகத் தடுப்பூசி வந்தது. ஊசி பிள்ளையைக் காக்கும். கொக்கு கொக்காகவே வந்துபோகும். எங்கள் பதிவேட்டில் காய்ச்சல் கண்டவர் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் இருந்தது. காய்ச்சல் விட்ட கழனி எத்தனை என்று கட்டம் இருந்ததில்லை. நானும் போட்டு வைக்கவில்லை.