சீனி தெளித்தால் செடிக்கு நோய் வராதா? அரிய சர்க்கரைகள் பற்றி ஒரு விளக்கம்

பகாங் மாநிலம், கேமரன் மலையின் வடபகுதியில் இருக்கிறது கம்போங் ராஜா. ஒரு பக்கம் தேயிலை. இன்னொரு பக்கம் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே தக்காளியும் காய்கறிகளும். அந்தக் குளிரும் பனிமூட்டமும் நமக்குச் சுகம். இலையில் ஈரம் காயாமல் இருந்தால் நோய்க்கிருமிக்கும் அதே சுகம்தான். அதனால்தான் அங்கே மருந்து அடிக்க வேண்டியிருக்கு.

அந்த மருந்துக்குப் பதிலாக, நாம் சாப்பிடக்கூடிய ஒரு சர்க்கரையைத் தெளிக்க முடியுமா?

அரிய சர்க்கரைன்னா என்ன?

குளுக்கோஸ், ஃபுருக்டோஸ் இரண்டும் இயற்கையில் ஏராளம். அல்லுலோஸ், டாகடோஸ், அல்லோஸ் போன்றவை மிக மிகக் கொஞ்சம். உலர்ந்த திராட்சையிலும் அத்திப்பழத்திலும் அல்லுலோஸ் சிறிதளவு உண்டு. இவை எல்லாவற்றிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றுதான். அடுக்கியிருக்கும் விதம்தான் வேறு.

1990களின் தொடக்கத்தில் ஜப்பானின் ககாவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென் இசுமோரி, மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவில் ஃபுருக்டோஸை அல்லுலோஸாக மாற்றும் என்சைமைக் கண்டறிந்தார். அதன் பிறகுதான் இவற்றை அதிக அளவில் தயாரிக்க வழி பிறந்தது.

நோயை எப்படித் தடுக்குது?

இரண்டு வழி இருக்கு.

முதல் வழி, கிருமியை நேராகத் தாக்குவது. ஒரு பல் மட்டும் மாறிய சாவியை நினைத்துப் பாருங்கள். பூட்டுக்குள் நுழையும், ஆனால் திறக்காது. சரியான சாவியையும் உள்ளே விடாது. அடிச்சாம்பல் நோய்க் கிருமிக்குள் டாகடோஸ் செய்வது அதைத்தான். கிருமி சர்க்கரையைப் பயன்படுத்தும் வேலை தடைபடுவதாக 2020இல் வெளியான ஜப்பானிய ஆய்வு காட்டியது.

இரண்டாவது வழி, செடியை உஷார்படுத்துவது. அல்லோஸ் கொடுத்த நெற்பயிரில் தற்காப்பு மரபணுக்கள் விழித்துக்கொண்டு, பாக்டீரியா இலைக்கருகல் நோயை எதிர்த்தன.

அப்போ வளர்ச்சி?

இங்கேதான் சிக்கல். அதே அல்லோஸ், நெல்லின் வளர்ச்சி ஹார்மோனான ஜிப்ரலினின் வேலையைத் தடுத்து நாற்றைக் குட்டையாக்குது. எந்தச் சர்க்கரை, எவ்வளவு, எந்தச் செடி என்பதைப் பொறுத்தே பலன்.

கேமரன் மலைக்குப் பயன்படுமா?

தக்காளியைத் தாக்கும் பின்கருகல் நோய்க் கிருமியின் வளர்ச்சியை டாகடோஸ் ஆய்வகத்தில் வெகுவாகக் குறைத்தது. ஆனால் அதே இனத்தின் இன்னொரு கிருமி அசையவில்லை!

தேயிலையின் கொப்புள நோய் வேறு கதை. அதை உண்டாக்குவது உண்மையான பூஞ்சை. அடிச்சாம்பல், பின்கருகல் கிருமிகளோ பூஞ்சை போலத் தெரியும் ஊமைசீட்கள். பாசிகளுக்கு நெருங்கிய சொந்தம். ஆகவே, தக்காளிக்குக் கிடைத்த முடிவை அப்படியே தேயிலைக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் தேடல் முக்கியம். பறித்த கொழுந்தைக் கழுவாமல்தான் தேயிலைத்தூள் ஆக்குகிறார்கள். இலையில் எது தெளிக்கப்படுகிறது என்பது மருந்து அடிக்கும் தொழிலாளிக்கும், தேநீர் குடிக்கும் உங்களுக்கும் பொருட்டுதான்.

வீட்டுச் செடிக்குச் சீனித் தண்ணி ஊத்தலாமா?

வேண்டாம். சமையலறைச் சீனி சுக்ரோஸ். அது அரிய சர்க்கரை இல்லை. எறும்பு வரும், மண்ணில் பூஞ்சை பெருகும். அளவு கூடினால் வேர் தண்ணீரை உறிஞ்சவே திணறும்.