வேகமானியின் வரலாறும் மலைச் சாலையும்

பண்டாரவளையிலிருந்து பூனாகலை வழியாகக் கொஸ்லந்தையை நோக்கிச் செல்லும் சாலை, ஊவா மலைநாட்டின் இயல்பை அறிய விரும்புவோர்க்கு நல்லதொரு பாடமாகும். ஒரு புறம் தேயிலைச் சரிவு. மறு புறம் பள்ளத்தாக்கு. பள்ளிக்குச் செல்லும் சிறுவரும் மலைக்குக் கொழுந்து பறிக்கச் செல்லும் பெண்களும் அச்சாலையின் ஓரத்திலேயே நடக்க வேண்டியவர்கள். அவர்களுக்கென்று தனி நடைபாதை கிடையாது. இத்தகைய சாலையில் வாகனம் செலுத்துகின்ற சாரதி, தான் எவ்வளவு வேகத்தில் செல்கிறான் என்பதை ஐயமின்றி அறிந்திருத்தல் வேண்டும். அதனை அவனுக்கு உரைக்கும் சிறு கருவியே வேகமானி. அது மெய் பேசும்வரை அதனை எவரும் நினைப்பதில்லை. அது பொய் பேசத் தொடங்கினால், அப்பொய்யின் விலையைச் செலுத்துவோர் பெரும்பாலும் காருக்கு வெளியே நிற்பவர்களே.

வேகம் என்பது தூரமும் காலமும் சேர்ந்த ஒரு கணக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து இலங்கையின் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர், நெடுந்தூரத்தைக் கால்நடையாகவே கடந்தனர். அவர்களுடைய கணக்கில் தூரம் என்பது நாட்கணக்கான நடை. பின்னர்ச் சாலைகள் அமைந்தன. மைலுக்கு ஒரு கல் நாட்டப்பட்டது. 1894இல் பண்டாரவளைக்கும், 1924இல் பதுளைக்கும் புகைவண்டி வந்தது. இன்று கிலோமீட்டர் கற்கள் வந்துவிட்ட பின்னரும், பசறைப் பகுதியில் ‘பதின்மூன்றாம் கட்டை’ என்று மைற்கல்லின் பெயராலேயே ஓரிடம் வழங்கி வருகிறது. ஆக, தூரத்துக்குச் சாலையோரத்தில் ஒரு சாட்சி இருந்தது. காலத்துக்குச் சட்டைப்பையில் ஒரு கடிகாரம் இருந்தது. இவ்விரண்டையும் ஒரே முள்ளின் கீழ்க் கொணர்ந்த வரலாறே வேகமானியின் வரலாறு.

அதற்குத் தூண்டுகோலாய் அமைந்தவற்றுள் சட்டமும் ஒன்று. பிரித்தானியாவில் 1865ஆம் ஆண்டுச் சட்டம், சாலையில் ஓடும் இயந்திர வண்டிகளுக்கு நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைல், நகரத்தில் 2 மைல் என்று எல்லை வகுத்தது. மனிதனின் நடைக்கு மேல் இயந்திரம் விரையலாகாது என்பதே அதன் கருத்து. 1896இல் அந்த எல்லை 14 மைலாக உயர்ந்தது. 1903ஆம் ஆண்டுச் சட்டத்தினால் 20 மைலாயிற்று. பொலிஸார் அளந்து வைத்த தூரத்தின் இரு முனைகளிலும் மறைந்து நின்று, கடிகாரத்தைக் கொண்டு கார்களின் வேகத்தைக் கணித்தனர். நீதவானின் முன் நின்ற சாரதிக்கோ தன் பக்கம் பேச ஒரு சாட்சி இல்லை. ‘நான் மெதுவாகவே வந்தேன்’ என்ற சொல்லைத் தவிர அவனிடம் வேறொன்றும் இருக்கவில்லை.

அந்தச் சாட்சியை உருவாக்கத் தேவையான அறிவு முன்னமே பிறந்திருந்தது. 1824இல் பிரெஞ்சு அறிஞர் அராகோ ஒரு விந்தையைக் கண்டார். செப்புத் தட்டு ஒன்று சுழலும்போது, அதனைத் தொடாமலே அதன் அருகில் தொங்கிய காந்த ஊசியும் கூடவே இழுபட்டது. செப்பைக் காந்தம் கவர்வதில்லை. அங்ஙனமிருக்க இஃது எவ்வாறு நிகழ்ந்தது? 1831இல் மைக்கேல் ஃபரடே விடை கண்டார். காந்தத்தின் அருகே உலோகம் அசையும்போது அதனுள் மின்னோட்டம் எழுகிறது. அம்மின்னோட்டமே இழுப்பை உண்டாக்குகிறது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து, ஸ்ட்ராஸ்பூர்க் நகரைச் சேர்ந்த ஓட்டோ ஷூல்ஸே என்பார் இவ்விந்தையைக் காருக்குப் பயன்படுத்தி, 1902ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் பெர்லினில் காப்புரிமை பதிவு செய்தார்.

அவர் வகுத்த வழி மிகவும் எளியது. கியர்ப்பெட்டியிலிருந்தோ சக்கரத்திலிருந்தோ, உறைக்குள் சுழலும் ஒரு கம்பி வடம் வேகமானிக்கு வருகிறது. அதன் முனையில் ஒரு காந்தம் சுழல்கிறது. காந்தத்தைத் தொடாமல் ஓர் உலோகக் கிண்ணம் அதனைச் சூழ்ந்து நிற்கிறது. இக்காலத்தில் அது பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. காந்தம் விரைந்து சுழலச் சுழலக் கிண்ணம் மேலும் இழுபடுகிறது. மயிரிழை போன்ற சுருள்வில் ஒன்று அதனைத் தடுத்து நிறுத்துகிறது. இழுப்பும் தடுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. மின்கலத்தின் துணையின்றி இயங்கும் இக்கருவி நூற்றாண்டு முழுவதும் உலகெங்கும் பயன்பட்டது.

இதற்கு மாறான இன்னொரு வகையும் இருந்தது. 1851இல் லண்டனில் கடிகாரக் கடையாகத் தொடங்கிய ஸ்மித் நிறுவனம், பின்னாளில் பிரித்தானியக் கார்களுக்கு வேகமானி செய்வதில் தலைசிறந்து விளங்கியது. கடிகாரத் தொழிலின் அறிவினால் விளைந்தது ‘குரோனோமெட்ரிக்’ என்னும் வகை. இதில் காந்தம் இல்லை. குறித்த சிறு கால அளவுக்குள் வடம் எத்தனை சுற்றுச் சுற்றியது என்பதை உள்ளிருக்கும் பற்சக்கரங்கள் எண்ணி முள்ளுக்கு உரைக்கும்; மறுபடியும் எண்ணும்; மறுபடியும் உரைக்கும். ஆதலின் இதன் முள் நீர்போல் வழுவி ஏறாது. படிப்படியாகத் தாவி ஏறும். 1945 முதல் 1949 வரை ஏறத்தாழ 10,000 எண்ணிக்கையில் செய்யப்பட்ட எம்.ஜி. டி.சி. என்னும் புகழ்பெற்ற விளையாட்டுக் காரில் இவ்வகையே பொருத்தப்பட்டது. அக்காரில் சாரதியின் கண்முன் இருந்தது எஞ்சினின் சுழற்சியைக் காட்டும் மானி; வேகமானியோ பக்கத்து இருக்கையில் அமர்ந்தவரின் எதிரே இருந்தது! வேகத்தை விரும்பி வாங்கியவன் ஓட்டுவான். எவ்வளவு வேகம் என்பதை அறிந்து அஞ்சுபவர் பக்கத்திலிருப்பவர்.

இலங்கையின் மலைநாடு விளையாட்டுக் கார்களுக்குப் புதியதன்று. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934 முதல் வரலாறு உடையது. நாட்டில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு நேர்ந்து வாகன இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலங்களில், புதியது வாங்க வழியின்றிப் பழைய கார்களைப் போற்றிக் காத்தல் இன்றியமையாததாயிற்று. ‘பாஸ்’ என்று மதிப்புடன் அழைக்கப்படும் கராஜ்க் கைவினைஞரின் திறனே அக்கார்களுக்கு ஆயுள் தந்தது. உதிரிப் பாகம் கிடைக்காத இடத்தில், பழுது எங்கே என்று சரியாக அறிவதே பாதி வேலை.

வேகமானியின் பழுதை அறிவதற்கும் ஒரு முறை உண்டு. முள்ளும் அசையவில்லை, மைல் எண்களும் உருளவில்லை எனில், முதலில் ஐயுற வேண்டியது வடத்தை. அஃது அறுந்திருக்கலாம், அல்லது அதன் அடியிலுள்ள சிறு பற்சக்கரம் தேய்ந்திருக்கலாம். மைல் எண்கள் உருள, முள் மட்டும் உறங்கினால், வடம் நலமாக உள்ளது. குற்றம் கருவியின் உள்ளே. காந்த வகையில் முள் நடுங்கி ஆடினால், வடம் உலர்ந்திருக்கலாம், மடிந்திருக்கலாம், அல்லது பொருத்தும்போது மிக நெருக்கமாக வளைக்கப்பட்டிருக்கலாம். குரோனோமெட்ரிக் வகையில் முள் தாவுவது பழுதன்று, அதன் இயல்பு. இதனை அறியாமல் நல்ல கருவியைப் பிரித்துக் கெடுத்தலும் உண்டு. முள் அளவுக்கு மிஞ்சி ஏறி நின்றுவிட்டால், வடத்தில் அள்ளிப் பூசிய கிரீஸ் மேலேறிக் காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் இடையில் புகுந்துவிட்டது என ஐயுறலாம்.

திருத்தும் முறையும் கடினமன்று. உள்வடத்தை உருவியெடுத்து மண்ணெண்ணெயில் கழுவுதல் வேண்டும். சமமான மேசைமீது வைத்து உருட்டினால், மடிந்த இடம் துள்ளிக் காட்டிவிடும். மடிந்த வடத்தை நிமிர்த்த முயலாமல் மாற்றுவதே நன்று. நல்ல வடமாயின் அடிப்பகுதியில் மட்டும் மெல்லிதாகக் கிரீஸ் பூசி, மேல்முனையைச் சில அங்குலம் உலர்ந்தபடியே விட்டு மீண்டும் செருக வேண்டும். பெரும்பாலான குறைகள் இவ்வளவில் தீர்ந்துவிடும்.

எல்லாவற்றினும் கொடியது, நன்றாக ஓடுவதுபோல் தோன்றிக்கொண்டே பிழையாகக் காட்டும் கருவி. டயரின் அளவை மாற்றினாலும், வேறு காரின் வேகமானியைப் பொருத்தினாலும் இப்பிழை நேரும். ஸ்மித் வேகமானிகளின் முகப்பில் சிறிய எழுத்தில் ஓர் எண் இருக்கும். ஒரு மைலுக்கு வடம் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதே அந்த எண். அது காருக்குப் பொருந்துகிறதா என அறிய எளிய கணக்கொன்று உண்டு. சரிவான பூனாகலையிலும் தேயிலைத் தொழிற்சாலையின் முற்றம் போன்ற சமதரை கிடைக்கும். அங்கே வடத்தின் மேல்முனையைக் கழற்றி, அதில் ஓர் அட்டை முள்ளைக் குத்தி, கியரை விடுவித்து, பின்சக்கரம் ஆறு சுற்றுச் சுற்றும்வரை காரை நேராகத் தள்ள வேண்டும். அதற்குள் அட்டை முள் சுற்றிய சுற்றுகளை 1680ஆல் பெருக்கி, தரையிலிருந்து சக்கர மையம்வரை உள்ள உயரத்தின் அங்குலத்தால் வகுத்தால் தேவையான எண் கிடைக்கும். உயரம் 14 அங்குலம், சுற்று 8 எனில் விடை 960. ஆனால் முகப்பிலோ 1120 என்று இருப்பின், கார் உண்மையில் 70 மைல் வேகத்தில் ஓடும்போது முள் 60 என்றே காட்டும். சாரதி தன்னை நிதானமானவன் என்று எண்ணிக்கொண்டே வரம்பைக் கடந்திருப்பான்.

இதனாலேயே இன்றைய ஐக்கிய நாடுகள் ஒழுங்குவிதியின்படி, வேகமானி உண்மையான வேகத்தைவிடக் கூட்டிக் காட்டலாம். அதற்கும் எல்லை உண்டு. குறைத்துக் காட்டுதல் ஒருபோதும் கூடாது. கருவி தவறுமானால் நடப்பவனின் பக்கமாகத் தவற வேண்டும் என்பது இதன் உட்பொருள்.

பழைய காருக்கு இன்னொரு கண்ணியும் உண்டு. அதன் முகப்பு மைலில் பேசும். இன்றைய சாலைப் பலகையோ கிலோமீட்டரில் பேசும். பலகையில் 50 என்று கண்டு முள்ளையும் 50இல் நிறுத்துபவன், உண்மையில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறான். இங்கே கருவியில் பழுதில்லை, பழுது படிப்பவனிடம். முள்ளை 30 மைலில் நிலையாகப் பிடித்து, சமமான நேர்ச்சாலையில், பக்கத்திலிருப்பவர் கடிகாரம் பார்க்க, ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து மறு கல்லை அடைய ஏறத்தாழ 75 விநாடி ஆகுமாயின் வேகமானி மெய்யே பேசுகிறது. கல்லும் கடிகாரமும் தனித்தனியே இருந்த காலத்துக் கணக்கே, இன்றும் முள்ளின் சொல்லைச் சோதிக்கும் உரைகல்லாக நிற்கிறது.

பதுளை மாவட்டத்துத் தியத்தலாவையில், 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் நடந்த ஃபொக்ஸ் ஹில் கார்ப் பந்தயத்தில், தடத்தைவிட்டு விலகிய கார் ஒன்று பார்வையாளர்மீது பாய்ந்து ஏழு உயிர்களைப் பறித்தது. வேகத்தைக் காண வந்தவர்களே அதற்கு இரையாயினர். வேகமானி எந்த விபத்தையும் தானே தடுத்துவிடாது. காலைச் சற்றே உயர்த்தும் பொறுப்பு சாரதியினுடையது. ஆயினும் அந்த முடிவை எடுக்கும் கணத்தில் அவன் கேட்பது முள்ளின் சொல்லை. அச்சொல் மெய்யாக இருக்க வேண்டும் என்று கராஜில் குனிந்து வடத்தைக் கழுவும் கை, தான் ஒருபோதும் காணாத, பூனாகலைச் சாலையின் வளைவில் புத்தகப்பையுடன் நடந்துவரும் ஒரு பிள்ளைக்காகவும் உழைக்கிறது.