ஸ்பிட்ஃபயருக்கு மெட்ராஸில் ஓர் அக்கா

எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி ஒரு கொட்டகை இருக்கிறது. அதற்குள் தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு கார். சின்ன வயதில் அது ஏதோ படகு என்று நினைத்திருக்கிறேன், அவ்வளவு தாழ்வாக இருக்கும். பிறகுதான் தெரிந்தது, அது டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 2. இரண்டே பேர் உட்காரலாம். கூரை துணிதான். 1960-களில் இங்கிலாந்தில் செய்தது.

வண்டிக்காரர் ஒரு சொல்தா. புதுச்சேரிக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்குகிறவர்களை இங்கே சொல்தா என்போம். பிரெஞ்சில் சிப்பாய்க்கு உள்ள சொல்தான் அது. மெட்ராஸில் ஒரு தூதரகக்காரர் ஊர் திரும்பும்போது விட்டுப்போன வண்டி இது. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட கார்களை ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் மூலமாக விற்பார்கள். இரண்டு கை மாறி 80-களில் பெரியவரிடம் வந்திருக்கிறது. கடைசியாக ஓடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

போன வருஷம் ஒருநாள் கூப்பிட்டார். "தம்பி, நீ பழைய விஷயமெல்லாம் தேடி எழுதறியே. இதுக்கு ஒரு சாமான் தேடிக் குடேன்."

அவர் கையில் உள்ளங்கை அளவு உலோகத் துண்டு ஒன்று. பெயர் டிரன்னியன். இந்தக் கட்டுரையே அந்தத் துண்டால் வந்ததுதான்.

முன்சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை இறங்கி உட்காரும் இடம்தான் டிரன்னியன். ஸ்டியரிங்கைத் திருப்பினால் தண்டு அந்த மரைக்குள்ளேயே சுழலும். பெரும்பாலான கார்களில் இங்கே பால் ஜாயின்ட் இருக்கும், இதில் அது கிடையாது. டிரன்னியனுக்கு கியர் ஆயில்தான் விட வேண்டும், கிரீஸ் அடிக்கக் கூடாது. நம்ம ஊர் மெக்கானிக்குகள் நல்லெண்ணத்தோடு கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் கெட்டியாகி அடைத்துக்கொள்ளும், தண்ணீர் இறங்கும், உள்ளே இருக்கும் எஃகுத் தண்டு துருப்பிடிக்கும். ஒருநாள் வளைவில் திரும்பும்போது தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். கடற்காற்று அடிக்கும் ஊரில் கேட்கவே வேண்டாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இடப்பக்க டிரன்னியனுக்கு ஒரு திசையில் மரை, வலப்பக்கத்துக்கு எதிர்த்திசையில் மரை. ஒன்று இன்னொன்றுக்குப் பொருந்தாது. பெரியவருக்கு இரண்டுமே தேய்ந்திருந்தன.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கன்மெட்டல்ல கடைஞ்சு மரை போட்டுடலாம் சார். ஆனா இதோட ஒரிஜினல் கலவை என்னன்னு எனக்குத் தெரியாது. போட்டுக் குடுத்து, நாளைக்கு ஈசிஆர்ல வீலு மடங்குனா யார் பொறுப்பு? வேணாம் சார், கிடைக்குதான்னு பாருங்க." காசு வரும் வேலையை வேண்டாம் என்று சொல்கிற மனுஷரை நான் அடிக்கடி பார்ப்பதில்லை.

சரி, 1980-ல் உற்பத்தி நின்றுபோன ஒரு இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காருக்குப் புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு எங்கே சாமான் தேடுவது? இங்கேதான் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

1950-களில் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட்-டிரையம்ப் கம்பெனிக்கு ஒரு நெருக்கடி. கார் பாடி செய்து தரும் ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953-ல் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. அப்போது மற்ற கம்பெனிகள் எல்லாம் பாடியும் சேசிஸும் ஒன்றாகப் பற்றவைத்த கார்களுக்கு மாறிக்கொண்டிருந்தன. அதற்குப் பெரிய பிரஸ் வேண்டும், இவர்களுக்கு அந்த வசதி இல்லை. அதனால் தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர் பழைய வழிக்கே திரும்பினார். தனியாக ஒரு இரும்புச் சேசிஸ், அதன்மேல் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கும் பாடி. துண்டுகளை வெவ்வேறு இடங்களில் செய்து கொண்டுவரலாம். உருவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி. 1959-ல் வந்த அந்தக் கார்தான் டிரையம்ப் ஹெரால்ட். ஒரு லண்டன் டாக்சியைப் போல 25 அடிக்குள் வட்டமடித்துத் திரும்பும். முன்பக்கம் முழுவதும் ஒரே பானெட்டாக முன்னோக்கித் திறக்கும்.

இப்படிப் போல்ட்டால் கோத்த வண்டியில் இரண்டு லாபம். ஒன்று, பெட்டியில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பி அங்கே பூட்டிக்கொள்ளலாம். இன்னொன்று, அதே சேசிஸின் மேல் வேறு பாடியை உட்காரவைக்கலாம். அப்படிப் பிறந்ததுதான் ஸ்பிட்ஃபயர். ஹெரால்டின் சக்கர இடைவெளி 91.5 அங்குலம், அதை 83 ஆகக் குறுக்கினார்கள். முன்சக்கர அமைப்பு, ஸ்டியரிங், பின்னால் குறுக்கே கிடக்கும் பட்டை ஸ்பிரிங் எல்லாம் ஹெரால்டிலிருந்து வந்தவை. உருவம் இதற்கும் மிக்கெலோட்டிதான். நடுவில் கம்பெனியிடம் பணம் தீர்ந்து, மாதிரி வண்டியை ஒரு மூலையில் துணி போட்டு மூடி வைத்துவிட்டார்கள். 1961-ல் கம்பெனியை லேலண்ட் வாங்கியபோது, சுற்றிப் பார்க்க வந்தவர்கள் துணியை விலக்கிப் பார்த்து, செய்யலாம் என்றார்கள். 1962 அக்டோபரில் லண்டன் கண்காட்சியில் ஸ்பிட்ஃபயர் வெளியானது. அதற்கு இரண்டு மாதம் முன்னால், ஆகஸ்ட் 16 அன்றுதான், புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. இதைப் பெரியவரிடம் சொன்னபோது சிரித்தார். "அந்த வருஷம்தான் நான் பிரெஞ்சு குடியுரிமைன்னு கையெழுத்துப் போட்டேன்" என்றார். 1980 வரை மொத்தம் 3,14,332 ஸ்பிட்ஃபயர்கள் செய்தார்கள்.

இப்போது மெட்ராஸுக்கு வருவோம்.

ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி 1948-ல் மெட்ராஸில் தொடங்கியது. வண்டலூரில் தொழிற்சாலை. 1953-ல் சுங்கவரிக் கமிஷன், உள்ளூரிலேயே பாகங்கள் செய்யும் திட்டம் இருப்பவர்களுக்கு மட்டுமே கார் தொழிலில் இடம் என்று பரிந்துரைத்தது. வெறுமனே பூட்டி விற்றுக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. ஸ்டாண்டர்ட் தங்கியது. 1961-லிருந்து ஹெரால்டைச் செய்தது. பேட்ஜில் டிரையம்ப் என்று இருக்காது, ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்றிருக்கும். இங்கிலாந்து ஹெரால்டுக்கு இரண்டு கதவுதான். நம் குடும்பங்களுக்கு அது போதாது என்று பிறகு இங்கே நாலு கதவு வண்டியும் செய்தார்கள். இன்ஜின் மட்டும் கடைசிவரை அதே 948 சிசி.

ஆக, ஸ்பிட்ஃபயருக்கு மெட்ராஸில் ஓர் அக்கா இருந்திருக்கிறாள். தங்கையின் சாமான் அக்கா வீட்டில் கிடைக்கலாம் அல்லவா?

ஒரு பட்டியல் போட்டேன். டைனமோவுக்குக் கவலை இல்லை. இங்கிலாந்து லூகாஸின் வகை அது. 1961-ல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் சென்னை பாடியில் இருக்கிறது, அம்பாசிடர் சாமான் விற்கிற கடைகளில் கேட்டாலே வழி பிறக்கும். இன்ஜினில்தான் இடிக்கிறது. ஹெரால்ட் 948-க்கும் ஸ்பிட்ஃபயரின் 1147 சிசிக்கும் ஸ்ட்ரோக் ஒன்றுதான், 76 மில்லிமீட்டர். ஆனால் போர் ஹெரால்டுக்கு 63, ஸ்பிட்ஃபயருக்கு 69.3. அக்காவின் பிஸ்டனைத் தங்கைக்குப் போட்டால் லோடா லோடாவென்று ஆடும். பிரேக்கும் வேறு. ஸ்பிட்ஃபயருக்கு முன்னால் டிஸ்க், நம்ம ஹெரால்டுக்கு டிரம். டிரன்னியன் மட்டும் ஒரே குடும்பம்.

புதுப்பேட்டைக்குப் போனேன். சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, எழும்பூர் பக்கம் கூவத்தையொட்டி, கழற்றிய வண்டிகளின் சாமான்கள் மலையாகக் குவிந்து கிடக்கும் இடம். ஆறு கடையில் "ஹெரால்டா?" என்று சிரித்தார்கள். ஏழாவது கடைக்காரர் சிரிக்கவில்லை.

"டிரன்னியன் தனியா இல்ல சார். முழு வண்டியே இருக்கு. நாலு டோர் ஹெரால்ட். புக்கு இருக்கு, இன்ஜின் சுத்துது. நீங்க என்ன வேணுமோ கழட்டிக்குங்க, மீதிய நான் பாத்துக்கறேன்."

வேறொரு இடத்துக்கு அழைத்துப்போய்க் காட்டினார். சாம்பல் நிறம். சீட் கிழிந்திருந்தது. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை, கைப்பிடியைப் போட்டுச் சுற்றினால் இன்ஜின் சுற்றியது. டிரன்னியனில் கியர் ஆயில் வாடை. யாரோ விஷயம் தெரிந்தவர் வைத்திருந்த வண்டி.

அன்று இரவு புதுச்சேரி பஸ்ஸில் எனக்கு ஒரே யோசனை. இரண்டு துண்டு வெண்கலத்துக்காக அந்த வண்டியைப் பிரித்தால், மீதியை யாரும் சேர்க்கப்போவதில்லை. கடைக்காரருக்கு முழு வண்டியைவிடத் துண்டுகளில்தான் லாபம். போல்ட்டில் கோத்த வண்டி, பிரிப்பது ரொம்பச் சுலபம்.

பெரியவரிடம் போட்டோவைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "எங்க மச்சான் கல்யாணத்துக்கு இந்த மாதிரி வண்டியிலதான் மாப்பிள்ளை ஊர்வலம் போச்சு" என்றார். பிறகு, "இது ஓடற நிலையில இருக்கு. என்னுது ஓடல. ஓடறத வெட்டி ஓடாததுக்குப் போடறதா? வேணாம் தம்பி."

"அப்ப டிரன்னியன்?"

"பாப்பாகிட்ட சொல்றேன்."

பாப்பா என்பது பாரிஸில் இருக்கும் அவர் மகள், வயது ஐம்பதுக்கு மேல். இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் சாமான்களை இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். மூன்று லட்சம் வண்டி செய்ததால் இன்னும் வாங்க ஆள் இருக்கிறது. ஆள் இருப்பதால் சாமான் வருகிறது, சாமான் வருவதால் வண்டி சாவதில்லை. டிசம்பர் லீவுக்கு வந்தபோது ஒரு புடவையில் சுற்றி இரண்டு டிரன்னியன் கொண்டுவந்தார், இடது ஒன்று, வலது ஒன்று. கூடவே தண்டுகளும். பட்டறைக்காரர் ஒருமுறை மரையை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, "நான் போடாதது நல்லதாப் போச்சு" என்றார்.

வண்டலூர் கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். ஹெரால்டுக்குப் பிறகு கெசல் என்று ஒரு கார் வந்தது. 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000, இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 உடம்புக்குள் பழைய வேன்கார்ட் கால இன்ஜின். விலை அதிகம், பெட்ரோலையும் குடித்தது. மாருதி வந்துவிட்ட காலம் வேறு. 1988-ல் உற்பத்தி நின்றது. தொழிற்சாலையில் மிச்சமாகக் கிடந்த ரோவர் சாமான்களைப் பின்னாளில் வாங்கிப்போனது யார் தெரியுமா? இங்கிலாந்தின் ரிம்மர் பிரதர்ஸ், பழைய பிரிட்டிஷ் கார்களுக்கு உதிரிபாகம் விற்கும் கம்பெனி. மெட்ராஸ் ரோவர்களுக்கென்று சேர்த்து வைத்தது, கப்பலேறி இங்கிலாந்து ரோவர்களைக் காப்பாற்றப் போனது. அங்கே அந்தக் காரை வைத்துக்கொள்ள ஆள் இருந்தது, இங்கே இல்லை. சாமான் ஆள் இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

நம்ம ஹெரால்டுக்கு மட்டும் இந்தக் கணக்கு பாதிதான் ஓடுகிறது. இங்கிலாந்துக் கடையில் டிரன்னியன் கிடைக்கும். ஆனால் மெட்ராஸில் மட்டும் செய்த நாலு கதவுப் பாடிக்குப் பின்கதவு எந்த நாட்டுக் கடையிலும் கிடைக்காது. அதற்கு ஒரே கிடங்கு, மிச்சமிருக்கும் ஹெரால்டுகள்தான்.

ஸ்பிட்ஃபயரின் முன்சக்கரம் இரண்டும் இப்போது நிமிர்ந்து நிற்கின்றன. கதவுக்குக் கீழே துரு அரித்த தகடு பாக்கி. ஹெரால்டைப் போல இதற்குப் பக்கவாட்டில் சேசிஸ் நீட்சி கிடையாது, அந்தத் தகடுதான் பாரத்தைத் தாங்குகிறது, எனவே அவசரப்பட முடியாது. கொட்டகைச் சுவரில் பெரியவர் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார்: கிரீஸ் இல்லை, கியர் ஆயில்.

போன வாரம் புதுப்பேட்டைக்காரருக்கு ஒரு போன் போட்டேன். அந்தச் சாம்பல் ஹெரால்டை முழுசாக எடுத்துக்கொள்ள யாராவது கிடைப்பார்களா என்று நாலு பேரிடம் கேட்டு வைத்திருந்தேன்.

"பானெட்டு போயிடுச்சு சார். பின்டோர் ரெண்டும் நேத்துதான் கழட்டுனேன். மீதி இருக்கு, வேணுமா?"