கலோரிக் கட்டுப்பாடும் செல் முதுமையும்

கலோரிக் கட்டுப்பாடு என்பது புரதம், வைட்டமின், தாதுச் சத்துகளில் குறை வைக்காமல், உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றலை மட்டும் நீண்டகாலம் குறைத்து உண்ணும் முறை. இது பட்டினியும் அன்று, ஊட்டக்குறைவும் அன்று. செல்கள் மூப்படையும் வேகத்தை இது தணிக்கக்கூடும் என்பது ஈஸ்ட் முதல் குரங்கு வரை ஆராயப்பட்டுள்ளது.

தொடக்க ஆய்வுகள்

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கேயும் மேரி குரோவெல்லும் 1935இல் வெளியிட்ட ஆய்வு இத்துறைக்கு அடித்தளம் இட்டது. குறைவாக உண்ட எலிகள் வளர்ச்சி குன்றின. ஆனால் அவற்றில் ஆண் எலிகள் வயிறார உண்டவற்றைவிட நெடுநாள் வாழ்ந்தன. வளர்ச்சி தடைப்பட்டதே இதற்குக் காரணம் என்று அன்று கருதப்பட்டது. ரிச்சர்ட் வைண்ட்ரக்கும் ராய் வால்ஃபோர்டும் 1982இல் அக்கருத்தை மாற்றினர்: முழு வளர்ச்சி பெற்ற சுண்டெலிகளுக்கு உணவைப் படிப்படியாகக் குறைத்தபோதும் வாழ்நாள் கூடியது.

செல்லுக்குள் நிகழ்வது

ஆற்றல் வரத்து குறைந்தால் செல் தன் வளர்ச்சியை மட்டுப்படுத்திப் பராமரிப்பில் இறங்குகிறது. வளர்ச்சியைத் தூண்டும் எம்டார் புரதம் தணிகிறது. ஆற்றல் பற்றாக்குறையை உணரும் ஏஎம்பிகே நொதி விழிக்கிறது. பழுதான புரதங்களையும் மைட்டோகாண்ட்ரியாக்களையும் சிதைத்து மீண்டும் பயன்படுத்தும் தன்விழுங்கல் மிகுகிறது. தன்விழுங்கலுக்கு வேண்டிய மரபணுக்களை ஈஸ்ட்டில் கண்டறிந்த ஜப்பானிய அறிஞர் யோஷினோரி ஓசுமி 2016இல் நோபல் பரிசு பெற்றார்.

சால்க் ஆய்வகமும் சீன அறிவியல் அகாதெமியும் 2020இல் வெளியிட்ட ஆய்வு இம்மாற்றங்களைச் செல் செல்லாகக் காட்டியது. 18 மாத வயதிலிருந்து 27 மாத வயது வரை 30 சதவீதம் குறைவான கலோரி பெற்ற எலிகளின் திசுக்களில், முதுமையோடு வரும் மாற்றங்கள் பல தோன்றவில்லை, அழற்சியும் குறைந்திருந்தது.

குரங்குகளும் மனிதர்களும்

குறைவாக உண்ட ரீசஸ் குரங்குகள் நீண்டகாலம் வாழ்வதைக் கண்டதாக விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 2009இல் அறிவித்தது. அமெரிக்க தேசிய முதுமை ஆய்வு நிறுவனத்துக்கு 2012இல் அப்படித் தெரியவில்லை. தரவுகளை ஒப்பிட்ட இரு குழுக்களும், உணவின் தன்மையும் குறைப்பைத் தொடங்கிய வயதும் முடிவுகளை மாற்றியிருக்கலாம் என்று 2017இல் கூட்டாக விளக்கின.

கேலரி என்ற அமெரிக்க ஆய்வில், பருமன் இல்லாத 218 பேரில் 143 பேருக்கு இரண்டாண்டுகளுக்கு 25 சதவீதக் குறைப்பு இலக்காக வைக்கப்பட்டது. அவர்கள் எட்டியது சுமார் 12 சதவீதம். அவர்களின் ரத்தத்திலுள்ள டிஎன்ஏ குறியீடுகளை ஆராய்ந்து 2023இல் வெளியான கட்டுரை, ஓர் அளவீட்டின்படி மூப்பின் வேகம் 2 முதல் 3 சதவீதம் தணிந்ததாகக் கூறியது. மற்ற இரு அளவீடுகளில் மாற்றம் தெரியவில்லை.

வரம்புகள்

மனித ஆயுள் இதனால் நீளும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை. எலும்பு அடர்த்தியும் தசையும் குறையக்கூடும். வளரும் குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் மெலிந்த முதியோருக்கும் இம்முறை ஏற்றதன்று. பிறரும் மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே மேற்கொள்ள வேண்டும்.