பேர் மட்டும் பிரிசிஷன்

வெள்ளிக்கிழமை கல்ச்சுரல்ஸ். புதன்கிழமை ராத்திரி ரூம்மேட்டோட பேஸ் கிடாருக்குப் புது ஸ்ட்ரிங் மாத்தினோம். சும்மா மீட்டினா ட்யூனர்ல நாலும் சரி. 12-வது ஃப்ரெட்ல அழுத்தினா மட்டும் சுருதி ஏறிப்போகுது!

தேடிப் படிச்சா, இந்தத் தலைவலிக்கு வயசு அதிகம். 1951-ல கலிஃபோர்னியாவுல லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' கொண்டு வந்தார். ஃப்ரெட் இருக்கு, ஸ்வரம் துல்லியமா விழும், அதான் அந்தப் பேர். ஆனா பிரிட்ஜ்ல ஸ்ட்ரிங்கைத் தாங்குற சாடில் ரெண்டே ரெண்டு, ஒவ்வொண்ணு மேலயும் ரெண்டு ஸ்ட்ரிங். தடிமனுக்குத் தகுந்த மாதிரி, அழுத்தும்போது சுருதி ஏறுற அளவும் மாறும். அதனால ஒவ்வொண்ணுக்கும் தனி நீளம் வேணும். ஜோடியில ஒண்ணைச் சரி பண்ணினா இன்னொண்ணு தப்பும். நாலு தனி சாடில் வந்தது 1957-லதான். ரெண்டு சாடிலை மிச்சம் பிடிச்சிட்டாரோன்னு நினைக்குது என் பி.காம் புத்தி :)

நல்லவேளை, எங்க கிடார்ல நாலு இருந்துச்சு. ஸ்க்ரூவைத் திருகி சாடிலைப் பின்னால தள்ளணும், திரும்ப ட்யூன் பண்ணணும், 12-வது ஃப்ரெட்ல பார்க்கணும். தடியான ஈ ஸ்ட்ரிங்குக்கு மட்டும் அரை மணி நேரம் ஆச்சு.